இருநூறு புள்ளிகள்

14 மே 2025, புதன், மாலை 6.35.

இன்றைய தவறு: இது இன்றையதில்லை, திங்கட்கிழமையுடையது. மூன்று லென்ஸ்களையும் ஒரே வெயிலில் சோதிக்கவில்லை. ஏ 8.10 மணிக்கு. பி 8.50 மணிக்கு. சி 12.25 மணிக்கு. நேரத்தைத் தாளில் நானே எழுதியிருக்கிறேன். எழுதியதை நான் படிக்கவில்லை. நண்பகலில் நடுவிலிருக்கும் தகரக் கூரை கொதித்திருக்கும். அதன் மேல் காற்று நெளிந்திருக்கும். சி-யின் படம் மங்கியது லென்ஸால்தானா என்று இப்போது சொல்ல முடியாது.

சந்தேகம்: சி-யைச் சரி செய்தது புஷ்பா அக்கா என்று எனக்கு முன்பே தெரியும். அவருடைய மேசை எப்போதும் கலைந்து கிடக்கும். சி மங்கலாகத்தான் வரும் என்று முன்கூட்டியே நினைத்துவிட்டேனா?

லோகேஸ்வரி பேனாவை மூடினாள். வகுப்பு தொடங்க இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மூன்றாம் மாடி அறை அது. வாரத்தில் மூன்று மாலைகள் அங்கே தரக் கட்டுப்பாடு பாடம் நடந்தது. மாணவர்கள் எல்லாரும் ஒரு குறிப்பேடு வைத்திருக்க வேண்டும்; பக்கத்தின் தலையில் அன்றைய தவறு, அடியில் மறுநாள் வேலை. மற்றவர்கள் வாரக் கடைசியில் ஒரே மூச்சில் ஏழு நாட்களையும் எழுதினார்கள். லோகேஸ்வரி தினமும் எழுதினாள். சில நாட்களில் எழுதியதை அடித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினாள்.

இன்றைய பக்கத்தின் அடியில் அவள் எழுதியது ஒரு வரி: புஷ்பா அக்காவிடம் சொல்ல வேண்டும்.

பகலில் அவள் வேலை செய்த கடை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஐங்கரன் என்பவருடைய கடை. கேமரா லென்ஸ்களை நாள் கணக்கில் வாடகைக்குக் கொடுப்பார். முன்பக்கம் கவுண்டர், பின்பக்கம் பழுது பார்க்கும் அறை. தூரத்தில் இருப்பதை அருகில் இழுத்துக் காட்டும் நீண்ட ஜூம் லென்ஸ்களுக்குத்தான் அதிகக் கிராக்கி. கோலசிலாங்கூரில் பறவைகளைப் படம் எடுப்பவர்கள், பந்து விளையாட்டைப் படம் எடுப்பவர்கள், தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் என்று எல்லாரும் அதைத்தான் கேட்டு வந்தார்கள். இந்த வருடத் தைப்பூசக் கூட்டத்தில் அப்படிப்பட்ட இரண்டு லென்ஸ்கள் பத்துமலைப் படிகளில் விழுந்தன. இரண்டும் ஒரே மாதிரி, நூறிலிருந்து நானூறு மில்லிமீட்டர் வரை இழுக்கக்கூடியவை. ஐங்கரன் ஒன்றை வெளியில் ஒரு பழுது நிறுவனத்துக்கு அனுப்பினார். மற்றதைப் பின் அறையில் இருந்த புஷ்பவல்லியிடம் கொடுத்தார். வெளியில் போய் வந்தது பி. புஷ்பவல்லி சரி செய்தது சி. இடையில் அதே மாதிரியில் புதிதாக ஒன்று வாங்கினார். அது ஏ.

"மூணையும் டெஸ்ட் பண்ணு லோகா," என்று போன வாரம் சொன்னார். "நீதான் இதெல்லாம் படிக்கிறியே. புஷ்பாக்காவோட கான்ட்ராக்ட் பதினாறாந்தேதி முடியுது. சி நல்லா இருந்தா அவுங்கள கன்ஃபர்ம் பண்ணிடுறேன். இல்லன்னா எல்லாத்தையும் வெளிய குடுத்துடுறேன்."

புஷ்பவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது. சுங்கை வேயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினேழு வருடம் நுண்ணோக்கியின் கீழ் சில்லுகளைப் பொருத்தியவள். அது மூடப்பட்ட பிறகு இங்கே வந்தாள். இரண்டு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

அவள் சி-யைச் சரி செய்ததை லோகேஸ்வரி பார்த்திருக்கிறாள். லென்ஸின் உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி ஒன்று ஒரு முடி அளவு சாய்ந்தாலும் போதும், படத்தின் ஒரு பக்கம் மங்கிவிடும். அந்தச் சாய்வைக் கண்ணால் காண முடியாது. புஷ்பவல்லி அலுமினியத் தாள் ஒன்றில் ஊசியால் குத்தி, பின்னால் சிறிய விளக்கை வைத்து, அறையின் மறு கோடியில் தொங்கவிட்டாள். அந்த ஒற்றை ஒளித்துளியைப் படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். வட்டமாக வர வேண்டிய ஒளி முட்டை வடிவத்தில் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு திருகைத் தொட்டாள். திருப்பினாளா என்பதே தெரியவில்லை. மறுபடியும் படம். மறுபடியும் திருகு. பதினொரு முறை. கடைசியில் திரையில் வந்த வட்டத்தைச் சுற்றி ஆள்காட்டி விரலை ஓட்டிவிட்டு, "இப்பதான் மொகம் கழுவியிருக்கு," என்றாள். அன்று முழுவதும் மேசையில் திருகுகளும் பஞ்சும் பிஸ்கட் துகளும் கலந்து கிடந்தன.

சோதனையை லோகேஸ்வரி தன் யோசனையில் அமைத்தாள். கடைக்கு எதிரே, சந்துக்கு அப்பால் இருந்த கட்டடத்தின் மாடியில் பெரிய பலகை ஒன்றை நிறுத்தினாள். ஒரே நாளின் தமிழ்ப் பத்திரிகையில் ஐந்து பிரதிகள் வாங்கி, ஒரே மரண அறிவித்தலை ஐந்திலிருந்தும் வெட்டி, பலகையின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஒட்டினாள். அறிவித்தல் ஒன்றில் எழுத்துகளின் மேல் நாற்பது புள்ளிகள் இருந்தன. ஐந்திலும் சேர்த்து இருநூறு. கடையின் மாடியிலிருந்து பலகைக்கு முப்பது மீட்டர். எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கி, தெளிவாகத் தெரிகிற புள்ளிகளை மட்டும் எண்ண வேண்டும். சந்தேகமானது கணக்கில் வராது. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில், கீழே, ஒரு பட்டறையின் தகரக் கூரை இருந்தது.

திங்கட்கிழமை ஏ-யையும் பி-யையும் முடித்தபோது கவுண்டரில் ஆட்கள் வந்துவிட்டார்கள். சி-யை அவள் மதியம்தான் எடுத்தாள். ஏ நூற்று எழுபத்தொன்று. பி நூற்று ஐம்பத்தெட்டு. சி நூற்று இருபத்தொன்பது. தாளில் கையெழுத்திட்டு ஐங்கரனிடம் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவர் வெளி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். மாலையில் புஷ்பவல்லியைக் கூப்பிட்டு, பதினாறாம் தேதிக்குப் பிறகு வர வேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை காலை மழை பெய்தது. லோகேஸ்வரி ரவாங்கிலிருந்து வந்த கொமுட்டர் ரயிலை விட்டு இறங்கி, குடையையும் மீறி நனைந்து கடைக்கு வந்தபோது, புஷ்பவல்லி பின் அறையில் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வந்த நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லு. மொகம் ஏன் சம்மன் வாங்குன லோரிக்காரன் மாதிரி இருக்கு?"

"திங்கக்கெழம டெஸ்ட்ல நான் தப்பு பண்ணிட்டேன்."

புஷ்பவல்லி கரண்டியைப் பொட்டலத்திலேயே வைத்தாள். லோகேஸ்வரி நேரங்களைச் சொன்னாள். எழுதி வந்திருந்த குறிப்பேட்டைத் திறந்து காட்டினாள். புஷ்பவல்லி அதைப் படிக்கவில்லை.

"பன்னெண்டு இருவத்தஞ்சுக்கா எடுத்த?"

"ஆமாக்கா."

"அந்த நேரத்துல அந்தக் கூரமேல முட்டைய ஒடச்சு ஊத்துனா வெந்துரும் லா."

"தெரியும். இப்பதான் தெரியும்."

"அப்ப அந்த நூத்தி இருவத்தொம்போது என்னோடது இல்ல."

"இல்லக்கா. கூரையோடது."

புஷ்பவல்லி கரண்டியை எடுத்து ஓரமாக வைத்தாள். பொட்டலத்தை மடித்து ரப்பர் வளையம் போட்டாள். "ரெண்டு ராத்திரி தூங்கல நானு," என்றாள். "கைதான் போச்சோன்னு நெனச்சேன். இந்த வெரல டிவி வெளிச்சத்துல நீட்டி நீட்டிப் பாக்குறேன், நடுங்குதான்னு. என் மக கேக்குறா, என்னம்மா, நகப்பூச்சு போடப்போறியான்னு." அவள் சிரித்தாள். லோகேஸ்வரியால் சிரிக்க முடியவில்லை.

"பாஸ்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. மொதல்ல உங்ககிட்ட சொல்லணும்னு."

"போ. போய்ச் சொல்லு. நாளைக்குக் கடைசி நாளு. மழ விட்டாத்தான் உண்டு."

ஐங்கரன் குறிப்பேட்டை இரண்டு முறை படித்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கடையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் தானே காரில் கொண்டுபோய் விடுவார்.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார். "நான் அந்தச் சீட்டக் காட்டித்தானம்மா கடைப் பார்ட்னர்கிட்ட பேசி சைன் பண்ணுனேன்."

"மறுபடியும் எடுக்குறேன் பாஸ். நாளைக்குக் காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னால. மூணையும் பையில போட்டு நீங்களே நம்பர் போடுங்க. எது எதுன்னு எனக்குத் தெரியக் கூடாது."

"ஏன்? உன்மேலயே உனக்கு நம்பிக்கை இல்லையா?"

"இல்ல பாஸ்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "சரி, எடு. எனக்கும் தெரியணும்."

வெள்ளிக்கிழமை ஏழே காலுக்கு அவள் மாடியில் இருந்தாள். இரவு மழையில் தகரக் கூரை குளிர்ந்து கிடந்தது. அதன் பள்ளங்களில் நீர் அசையாமல் நின்றது. எதிர்க் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்புசாமி, பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்த பலகையைத் திறந்துவிட்டார்.

"ஏம்மா," என்று சந்துக்கு மேலே குரல் கொடுத்தார், "ஒரு மனுசன் எத்தன தடவம்மா சாவாரு? அஞ்சு எடத்துல ஒட்டியிருக்க. நேத்து பக்கத்து வீட்டுப் பாட்டி பாத்துட்டு அஞ்சு தடவ கும்பிடுது."

"இன்னிக்கோட முடிஞ்சிரும் அங்கிள்!"

"முடிஞ்சா குடு, நான் துணி காயப் போடணும்."

லோகேஸ்வரி முக்காலியின் கால்களை மணல் மூட்டையால் அழுத்தினாள். கேமராவின் நடுக்கம் தடுக்கும் விசையை அணைத்தாள். அணைத்தேனா என்று இரண்டு முறை சரி பார்த்தாள். சாம்பல் நிறத் துணிப் பைகள் மூன்று. ஒவ்வொன்றின் உள்ளே இருந்த லென்ஸின் உடல் முழுவதும் கறுப்பு நாடா சுற்றப்பட்டிருந்தது. முதலில் ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. ஒவ்வொரு லென்ஸிலும் மொத்தம் நான்கு படங்கள். பொத்தானை விரலால் தொடாமல், இரண்டு விநாடி தாமதத்தில் எடுத்தாள். ஏழு ஐம்பதுக்கு எல்லாம் முடிந்தது. நேரங்களை எழுதினாள். எழுதியதைப் படித்தாள்.

எண்ணுவதற்குப் பகல் முழுவதும் ஆனது. கவுண்டரில் ஆள் இல்லாத நேரங்களில் திரைக்கு முன் உட்கார்ந்து, தெரிந்த ஒவ்வொரு புள்ளிக்கும் தாளில் ஒரு கோடு போட்டாள். பின் அறையில் புஷ்பவல்லி தன் பொருள்களைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். கடையின் திருப்புளிகள் ஒரு பக்கம். அவள் சொந்தமாக வாங்கி, நுனியைத் தானே தீட்டி வைத்திருந்த ஒன்பது திருப்புளிகள் ஒரு பழைய மிலோ டின்னில். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு மட்டும் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரையின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், "எவ்ளோ ஆச்சு?" என்றாள்.

"சொல்லக் கூடாதுக்கா."

"சொல்லாத. சும்மா கேட்டேன்."

இரண்டாவது முறையும் எண்ணி முடித்தபோது மணி நாலே முக்கால். நான்கு படங்களின் சராசரி: பை ஒன்று, நூற்று எண்பத்து மூன்று. பை இரண்டு, நூற்று எழுபத்து நான்கு. பை மூன்று, நூற்று ஐம்பத்தேழு. மூன்றாவதில் நான்கு இடங்கள் நன்றாகவே இருந்தன; இடது கீழ் மூலையில் மட்டும் புள்ளிகள் எழுத்தோடு கரைந்து போயிருந்தன. ஐங்கரன் தன் கைப்பேசியில் எழுதி வைத்திருந்ததைத் திறந்தார். புஷ்பவல்லி கதவு நிலையில் வந்து நின்றாள்.

"மூணு, பி," என்றார் ஐங்கரன். "ரெண்டு, ஏ. புதுசு." கைப்பேசியைத் தாழ்த்தினார். "ஒண்ணு, சி."

லோகேஸ்வரி சி-யின் படத்தைத் திரை முழுவதும் விரித்தாள். நடுவில் இறந்தவரின் பெயர். அதற்குக் கீழே பேரப்பிள்ளைகளின் பெயர்கள், ஒவ்வொரு மெய்யின் தலையிலும் புள்ளி தனியாக நின்றது. அவள் படத்தை இடது கீழ் மூலைக்கு நகர்த்தினாள். அங்கேயும் அதே தெளிவு. பலகையின் விளிம்பில், மரச் சிராய்களுக்கு நடுவில், ஒரு கட்டெறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அதன் கால்கள் ஆறும் தெரிந்தன. முன்னால் நீட்டியிருந்த உணர்கொம்பில் இருந்த மடிப்பும் தெரிந்தது.

"முப்பது மீட்டர்லேர்ந்து," என்றாள் லோகேஸ்வரி. "ஏ-ல இந்த மூலை இவ்ளோ தெளிவா இல்ல. நான் நாலு படத்துலயும் பாத்தேன். கீழ விழுந்த லென்ஸ் அக்கா இது."

புஷ்பவல்லி கிட்டே வந்து குனிந்தாள். எறும்பை வெகு நேரம் பார்த்தாள். "இவன் எங்க போறான்? செத்த வீட்டுக்கா?" என்றாள். கண்களைப் புறங்கையால் துடைத்தாள்.

"அக்கா," என்றார் ஐங்கரன், "பொய் சொல்லல, இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல. புதுசவிட நல்லா இருக்கு. எப்படிக்கா பண்ணீங்க?" அவர் முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது. "லோகா, வெப்சைட்ல சி-ய மேல போடு. கையால சரி செஞ்சதுன்னு எழுது. இந்த எறும்புப் படத்தையும் போடு. நாளைக்குக் காலைல கோலசிலாங்கூர் போற க்ரூப்புக்கு இதையே குடுத்துரு."

"அப்ப நானு?" என்றாள் புஷ்பவல்லி.

ஐங்கரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சைன் பண்ணியாச்சே அக்கா. ஒரு வருஷம். மாசத்துக்கு இத்தன லென்ஸ்னு பேசியிருக்கு, அனுப்பலன்னாலும் காசு கட்டணும். ரெண்டு பக்கமும் என்னால குடுக்க முடியாது. தெரிஞ்சிருந்தா..." அவர் மேசையிலிருந்த தாளை எடுத்தார். "ஏதாவது வந்தா கண்டிப்பா கூப்புடுறேன். மொத ஆளா கூப்புடுறேன்."

"பாஸ், அது என் தப்பு," என்றாள் லோகேஸ்வரி. "அந்தச் சீட்டு தப்பு. அவுங்ககிட்ட பேசிப் பாக்கலாமே. நானே வந்து சொல்றேன். எப்படித் தப்பாச்சுன்னு எழுதித் தர்றேன்."

"நேத்தே போன் பண்ணிட்டேன்மா. உன்கிட்ட சொல்லல. முடியாதுன்னுட்டாங்க." அவர் தாளை மடித்துக் கோப்பில் வைத்தார். "நீ ஏன் அழுவுற? எத்தன பேரு தப்ப ஒத்துக்குறாங்க? ஜூன் மாசத்துலேர்ந்து டெஸ்டிங் எல்லாம் நீதான் பாக்குற. லெட்டர் தர்றேன்."

லோகேஸ்வரி பின் அறைக்குப் போனாள். புஷ்பவல்லி மிலோ டின்னின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"திட்டுங்கக்கா."

"எதுக்கு? உன் சீட்டுல ஃபெயிலானப்ப பள்ளிக்கூடம் இருந்துச்சு. இப்ப பாஸாயிட்டேன், பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க." அவள் மூடியை ஒரு தட்டு தட்டினாள். "தாப்பா லா, பரவால்ல. நீ சொல்லாம இருந்திருந்தா, நான் சாகுற வரைக்கும் இந்தக் கையச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்திருப்பேன்."

"இனிமே எங்க?"

"தெலுக் பங்லிமா காராங்ல கையொற ஃபேக்டரி. திங்கக்கெழம வரச் சொல்லியிருக்காங்க. காலைல அஞ்சு இருவதுக்கு வேன் வரும். நின்னுக்கிட்டே பெட்டி அடுக்கணும்." அவள் விரல்களை நீட்டி மடக்கினாள். "அங்க இந்த வெரலுக்கு வேல இல்ல. தோளுக்குத்தான்."

"உங்க டெஸ்ட் சீட்ட ஒரு காப்பி எடுத்துத் தரவாக்கா? கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அத வச்சு என்ன பண்ண, பெட்டி அடுக்குறவங்ககிட்ட காட்டவா? அந்த எறும்ப ஒண்ணு பிரிண்ட் எடுத்துக் குடு. என் மக பாக்கட்டும்."

லோகேஸ்வரி இரண்டு பிரதிகள் எடுத்தாள். புஷ்பவல்லி ஒன்றை நான்காக மடிக்காமல், சுருட்டி, டின்னோடு பைக்குள் செங்குத்தாக வைத்துக்கொண்டாள். ஐந்தரைக்குச் சாவியைக் கவுண்டரில் வைத்தாள். ஐங்கரன் எழுந்து நின்று கை கொடுத்தார். கீழே சந்தில், தம்புசாமி பலகையை மாடியிலிருந்து இறக்கிச் சுவரில் சாய்த்திருந்தார். புஷ்பவல்லி அதைத் தாண்டிப் போகும்போது குனிந்து, இடது கீழ் மூலையை ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்தாள்.

பின் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊசித் துளை போட்ட அலுமினியத் தாள் இன்னும் சுவரில் தொங்கியது. லோகேஸ்வரி அதன் பின்னால் இருந்த சிறிய விளக்கை அணைத்தாள். பிறகு காலி மேசையில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தாள்.

16 மே 2025, வெள்ளி, மாலை 5.50.

இன்றைய தவறு: தாளில் எதுவும் இல்லை. மூன்று முறை பார்த்தேன்.

நாளைய வேலை: 8.30-க்கு சி-யைத் துடைத்து கோலசிலாங்கூர் குழுவுக்குக் கொடுப்பது. 10 மணிக்குப் பின் அறை அலமாரியில் பழுதுக்குக் காத்திருக்கும் ஏழு லென்ஸ்களையும் பெட்டியில் கட்டி, பி-யைச் சரி செய்த நிறுவனத்துக்கு அனுப்புவது. இடது கீழ் மூலை மங்கலாக இருப்பதால் பி-யையும் அதே பெட்டியில் வைக்க பாஸ் சொல்லியிருக்கிறார். மொத்தம் எட்டு.